வேண்டாத பரிசுக்கு எதிராக ஒரு சங்கம்

1912 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரைத் தமிழில் சொன்னால் 'பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்பக்' என்று சுருக்கிக்கொண்டார்கள். உறுப்பினர்களுக்கும் அதே பெயர்தான், 'ஸ்பக்குகள்'. அவர்கள் குறிவைத்தது கிறிஸ்துமஸ் பரிசுகளை.

அட, இதுக்கெல்லாமா ஒரு சங்கம் என்று தோன்றும். யார் தொடங்கினார்கள் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒருவர் ஆன் மார்கன், அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கியாளர் ஜே.பி. மார்கனின் மகள். இன்னொருவர் எலினோர் பெல்மான்ட். நாடக நடிகையாகப் பேர் வாங்கியவர். பெர்னார்ட் ஷா 'மேஜர் பார்பரா' நாடகத்தை இவரை மனதில் வைத்துத்தான் எழுதினார். 1910-ல் கோடீஸ்வரர் ஆகஸ்ட் பெல்மான்டைக் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டார். இப்படி இரண்டு பணக்காரப் பெண்கள் ஊருக்கு நடுவில் நின்று 'கிறிஸ்துமஸுக்குக் கண்டதையும் வாங்கிக் கொடுக்காதீங்க' என்றால் என்ன நினைப்போம்? ஸ்க்ரூஜுக்குப் பெண் வாரிசுகள் வந்துவிட்டார்கள் என்றுதான். இந்தச் சங்கத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்களும் பெரும்பாலும் 'வரலாற்றில் சில விநோதங்கள்' என்ற கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் சங்கத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் வேலை பார்த்த இளம்பெண்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசின் மேல் என்ன கோபம்? அதைப் புரிந்துகொள்ள ஒரு நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

கிறிஸ்துமஸ் என்றால் குடும்பம், குடும்பம் என்றால் பரிசு என்று நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பழக்கம் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. பழைய இங்கிலாந்தில் இந்தப் பருவத்தின் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் நடந்தது. அறுவடை முடிந்து, ஆடுமாடு அறுத்து, புது பீர் தயாராக இருக்கும் நேரம். ஏழைகள் கூட்டமாகப் பெரிய வீட்டு வாசலுக்குப் போய்ப் பாட்டுப் பாடி, சாப்பாடும் குடியும் காசும் கேட்பார்கள். கேட்பார்கள் என்பது மரியாதையான வார்த்தை. கொடுக்காவிட்டால் ஏச்சும் கலாட்டாவும் நடக்கும். வேலைக்காரர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் காசு கொடுக்கும் 'கிறிஸ்துமஸ் பெட்டி' வழக்கமும் உண்டு. பாக்ஸிங் டே என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். குத்துச்சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இது மேலிருந்து கீழே போன பரிசு. கீழிருந்து மேலே போனதும் உண்டு. புத்தாண்டு அன்று பிரபுக்கள் எலிசபெத் ராணிக்குப் பொற்காசுப் பையும் கையுறையும் நகையும் கொடுத்தார்கள். யார் என்ன கொடுத்தார், ராணி பதிலுக்கு என்ன கொடுத்தார் என்று எழுதி வைத்த சுருள்கள் இன்றும் இருக்கின்றன. நம்ம ஊர் மொய் நோட்டுதான், கொஞ்சம் ஆடம்பரமாக.

இந்த மேல்நோக்கிய பரிசை வெள்ளைக்காரர் ஆட்சியில் நாமும் பார்த்தோம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கான்ட்ராக்டர்களும் ஜமீன்தார்களும் கீழ்நிலை அதிகாரிகளும் துரை பங்களாவுக்குத் தட்டில் பழமும் பூவும் கேக்கும் அனுப்புவார்கள். வடக்கே இதற்கு 'டாலி' என்று பெயர். 1886-ல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே இருக்கிறது. அதிகாரிகள் விலையுயர்ந்த பரிசுகள் வாங்கக்கூடாது என்று விதி இருந்ததால் பழம், பூ என்ற அளவில் அது நின்றது. புத்தாண்டு அன்று மேலதிகாரியைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு போகும் நம் வழக்கத்தையும் இதே வரிசையில் வைக்கலாம்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் எப்போது வீட்டுக்குள் நுழைந்தது? ஸ்டீபன் நிஸன்பாம் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், 'தி பேட்டில் ஃபார் கிறிஸ்துமஸ்'. அவர் காட்டும் களம் 1810-களின், 1820-களின் நியூயார்க். நகரம் வேகமாக வளர்கிறது. வாசலுக்கு வந்து பாட்டுப் பாடுகிறவன் இப்போது தெரிந்த பண்ணையாள் இல்லை. பெயர் தெரியாத, வேலையில்லாத, குடித்திருக்கும் இளைஞர் கூட்டம். வசதியான குடும்பங்களுக்குப் பயம். ஜான் பின்டார்ட் என்ற வணிகர் (நியூயார்க் வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்) புனித நிக்கோலஸைக் கையில் எடுக்கிறார். 1823 டிசம்பர் 23 அன்று ட்ராய் நகரப் பத்திரிகை ஒன்றில், இரவில் வந்து குழந்தைகளின் காலுறைகளை நிரப்பிவிட்டுப் போகும் நிக்கோலஸைப் பற்றிய கவிதை, எழுதியவர் பெயரில்லாமல் வெளியாகிறது. பிறகு அது கிளெமென்ட் மூர் பெயரில் நிலைத்தது.

இதில் நிஸன்பாம் கவனிக்கிற விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பரிசு இப்போதும் மேலிருந்து கீழேதான் போகிறது. ஆனால் கீழே நிற்பது வாசலில் இருக்கும் ஏழை அல்ல, சொந்தக் குழந்தை. பழைய சடங்கின் உருவம் அப்படியே இருக்க, ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள். கதவைச் சாத்தினாலும் தர்மம் செய்த நிறைவு கிடைத்துவிடும்.

இந்த மாற்றத்துக்கு முன்பு நியூ இங்கிலாந்தில் கிறிஸ்துமஸே கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். 1659-ல் மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681-ல் அதை எடுத்துவிட்டாலும், அதன்பின் நெடுங்காலம் டிசம்பர் 25 அங்கே சாதாரண வேலை நாள்தான்.

குழந்தைக்குப் பரிசு என்று ஆரம்பித்தது சீக்கிரமே பெரியவர்களிடமும் வந்தது. இங்கே முன்னோடி, பொம்மை அல்ல, புத்தகம். 1820-களில் இங்கிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் 'பரிசுப் புத்தகம்' என்றே ஒரு ரகம் வந்தது. கதை, கவிதை, செதுக்குப் படங்கள், அழகான அட்டை. முன்பக்கத்தில் கொடுப்பவர் பெயரும் பெறுபவர் பெயரும் எழுத அலங்கார வளைவுகளோடு ஒரு பக்கம். ஆயிரக்கணக்கில் அச்சான பொருளை 'உனக்காகவே' என்று மாற்றும் வித்தை அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கிறிஸ்துமஸ் வியாபாரமும் இதே வித்தையைத்தான் வேறு வேறு விதமாகச் செய்தது.

அலுப்பும் கூடவே வந்துவிட்டது. 1850-லேயே ஹாரியட் பீச்சர் ஸ்டோ ஒரு கிறிஸ்துமஸ் கதை எழுதுகிறார். எல்லாம் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் எதை வாங்கிக் கொடுப்பது என்று தவிக்கும் ஒரு பெண்ணிடம், ஒன்றுமில்லாதவர்களுக்குக் கொடுத்துப் பாரேன் என்று சொல்லும் கதை. 'பரிசு கொடுப்பதே தொந்தரவாப் போச்சு' என்று நாம் புலம்புவதற்கு 170 வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' (1843) இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்கிறது. பொம்மைகளோடு வீட்டுக்கு வரும் ஓர் அப்பா அதில் வருகிறார். ஆனால் ஸ்க்ரூஜ் திருந்தியதும் என்ன செய்கிறான்? குமாஸ்தா க்ராச்சிட் வீட்டுக்கு வான்கோழி அனுப்புகிறான், சம்பளத்தை உயர்த்துகிறான். தங்கை மகன் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டுதான் சாப்பிடப் போகிறான். பரிசு முதலாளியிடமிருந்து தொழிலாளிக்குப் போகவேண்டியது என்பது டிக்கன்ஸுக்குச் சந்தேகமில்லாத விஷயம்.

அமெரிக்காவில் அடுத்த ஐம்பது வருஷத்தில் வட்டம் விரிந்தது. குடும்பம் போக நண்பர்கள், கூட வேலை செய்கிறவர்கள், தூரத்து உறவினர்கள், கூடப் படித்தவர்கள். அத்தனை பேருக்கும் நல்ல பொருள் வாங்க முடியுமா? அதனால் சில்லறைச் சாமான்கள். பின்குஷன், பேனா துடைக்கும் துணி, தீக்குச்சி வைக்கும் ஜாடி என்று அழகாகவும் உபயோகமில்லாமலும் இருக்கும் பொருட்கள் மலைபோல் விற்றன. நியூயார்க்கின் மேசி கடை 1867-லேயே டிசம்பர் 24 அன்று நள்ளிரவு வரை திறந்திருந்தது. நள்ளிரவு வரை கடை திறந்திருந்தால் நள்ளிரவு வரை ஒரு பெண் கவுண்டரில் நிற்கிறாள் என்றுதானே அர்த்தம்? தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஃபுளோரன்ஸ் கெல்லி 1903-ல் இதைப் பற்றிக் கடுமையாக எழுதினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் கடைப் பெண்களும் பொட்டலம் கொண்டுபோகும் சிறுவர்களும் படும் பாட்டை அவர் சொன்னார். 'சீக்கிரமே வாங்கிவிடுங்கள்' என்று இன்று விளம்பரத்தில் வரும் வாசகம், முதலில் நுகர்வோர் சங்கங்கள் அந்தத் தொழிலாளர்களுக்காகக் கேட்ட வேண்டுகோள். பிறகுதான் கடைக்காரர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பணத்துக்கு எங்கே போவது? 1909-ல் பென்சில்வேனியாவின் கார்லைல் என்ற ஊரில் ஒரு வங்கி 'கிறிஸ்துமஸ் கிளப்' தொடங்கியது. வாராவாரம் கொஞ்சம் கட்டி டிசம்பரில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். நம்ம தீபாவளிச் சீட்டுக்குச் சொந்தக்காரன். ஓ. ஹென்றியின் 'ஞானிகளின் பரிசு' கதையும் இதே காலம்தான், 1905. கையில் இருந்த 1 டாலர் 87 சென்ட்டை மூன்று தடவை எண்ணிப் பார்க்கும் டெல்லா. அந்தக் கதையை அன்பின் கதையாகவே நமக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கணவனின் வாரச் சம்பளம் 30 டாலரிலிருந்து 20 ஆகக் குறைந்திருக்கிறது என்பதும் அதே கதையில் இருக்கிறது.

டெல்லா விரும்பிக் கொடுத்தாள். ஸ்பக் பெண்களின் நிலை வேறு.

பெல்மான்ட்டும் மார்கனும் அப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு சேமிப்புத் திட்டம் நடத்திவந்தார்கள். வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கோடையில் சில நாள் எங்காவது போய் ஓய்வெடுக்கலாம். (ஆன் மார்கனைச் சாதாரணமாக எடைபோட வேண்டாம். 1909-ல் சட்டை தைக்கும் பெண்கள் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது கூடவே நின்றவர்.) சேமிப்புக்கு இடைஞ்சல் எது என்று பார்த்தபோது கிறிஸ்துமஸ் வந்து நின்றது. அந்தப் பெண்கள் பணத்தை ஊதாரித்தனமாகச் செலவழிக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் வசூல் நடந்தது. மேற்பார்வையாளருக்கு, ஃபோர்மேனுக்கு, பிரிவுத் தலைவருக்கு எல்லோரும் காசு போட்டுப் பரிசு வாங்கவேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாருக்கு எந்த நேர வேலை, யாரை எந்த கவுண்டரில் போடுவது, சீசன் முடிந்ததும் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் அந்த மேற்பார்வையாளர் கையில்தான் இருக்கிறது. பட்டியல் மேஜை மேஜையாகச் சுற்றி வரும்போது தன் பெயருக்கு நேரே சுழியம் போட எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்? இது பரிசு இல்லை, வரி. சொல்லப்போனால் வரியைவிட மோசம். வரி கட்டும்போது யாரும் சிரித்த முகம் காட்டச் சொல்வதில்லை.

சங்கத்தின் பெயரில் இருக்கும் 'பயனற்ற' என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. தொடக்கத்தில் அவர்கள் எதிர்த்தது பொருளின் உபயோகத்தைப் பற்றியது அல்ல, கொடுப்பவரின் நிர்ப்பந்தத்தைப் பற்றியது. தனியாக ஒரு பெண் 'நான் தரமாட்டேன்' என்றால் அவள் கஞ்சம், திமிர் பிடித்தவள். 'நான் ஸ்பக்' என்றால் அது கொள்கை. மறுப்பதற்கு ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்ததுதான் சங்கத்தின் சாமர்த்தியம் என்று நினைக்கிறேன். அந்த டிசம்பரிலேயே முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் சேர்ந்தார், முதல் ஆண் ஸ்பக். சில வாரம் முன்புதான் ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவது கட்சி வைத்துத் தோற்றிருந்தார். அவர் பெயர் வந்ததும் பத்திரிகைகளில் செய்தி பரவியது. பரவப் பரவ, கடைப் பெண்களின் குறை பின்னால் போய், 'உபயோகமில்லாத சாமான் வாங்காதே' என்ற பொது உபதேசம் முன்னால் வந்துவிட்டது. எனக்கு இதுதான் வருத்தமான பகுதி. பின்னால் உலகப் போர் வந்தது, சங்கமும் மங்கிப்போனது.

நண்பர்களுக்கான சில்லறைச் சாமான்கள் அந்தக் காலத்தோடு பெரும்பாலும் ஒழிந்தன. அவற்றின் இடத்தைப் பிடித்தது வாழ்த்து அட்டை. பாஸ்டனில் லூயி பிராங் 1875-லேயே அமெரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை விற்றவர்தான். ஆனால் மலிவுப் பரிசுக்கு மாற்றாக அட்டை பரவலானது 1910-க்குப் பிறகு. அட்டை விற்ற ஹால் சகோதரர்கள் (இன்றைய ஹால்மார்க்) கான்சஸ் சிட்டி கடையில் 1917 கிறிஸ்துமஸுக்கு வெறும் டிஷ்யூ காகிதம் தீர்ந்துபோக, உறைகளுக்கு உள்ளே ஒட்டும் பிரெஞ்சு வண்ணக் காகிதத்தைத் தாள் 10 சென்ட் என்று விற்றுப் பார்த்தார்கள். உடனே காலி. பரிசைச் சுற்றும் தொழில் அப்படிப் பிறந்தது.

பரிசு மறுபடி குடும்பத்துக்குள் சுருங்கிக்கொண்டது. தியோடர் கேப்லோ என்ற சமூகவியலாளர் 1979-ன் தொடக்கத்தில் இண்டியானாவின் மன்சி நகரில் 110 பேரிடம் அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்ததையும் வாங்கியதையும் விசாரித்தார். 4,347 பரிசுகள் கணக்கில் வந்தன. யாரும் எழுதிவைக்காத விதிகளை எல்லோரும் பின்பற்றினார்கள். பரிசைச் சுற்றித்தான் கொடுக்கவேண்டும். சைக்கிள் மாதிரிப் பெரியதென்றால் ஒரு ரிப்பனாவது கட்டவேண்டும். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மதிப்பானதாக இருக்கவேண்டும். பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, திரும்பி வருவதைவிட அதிகமாகவே இருக்கும். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. தேடி வாங்கிச் சுற்றிக் கொடுக்கும் வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. பணமாகக் கொடுப்பதென்றால் பெரியவர் சின்னவருக்குக் கொடுக்கலாம். சின்னவர் பெரியவருக்குக் கொடுக்கக்கூடாது.

பொருளாதாரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1993-ல் ஜோயல் வால்ட்ஃபோகல், யேல் மாணவர்களிடம் தாங்கள் பெற்ற பரிசுகளின் மதிப்பைக் கேட்டு, விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்குப் போட்டார். அதிகம் வீணாவது தாத்தா பாட்டி, மாமா அத்தை வாங்கித் தருவதில். காதலர், நண்பர் தருவதில் குறைவு. ஸ்பக் சங்கத்தின் பெயரில் இருந்த 'பயனற்ற' என்ற சொல்லுக்கு 81 வருஷம் கழித்துக் கிடைத்த எண் இது. மேற்பார்வையாளருக்கு வாங்கிய பரிசு எந்தக் கட்டத்தில் வரும் என்று அந்த மாணவர்களிடம் கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

எலினோர் பெல்மான்ட் பிறகு மெட்ரோபாலிடன் ஓபராவைக் காப்பாற்றியவர் என்றுதான் அமெரிக்காவில் பேர் பெற்றார். கேப்லோ மன்சியில் பரிசுகளை எண்ணிக்கொண்டிருந்த அதே 1979-ல், அக்டோபரில், நூறு வயது நிறைய இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது இறந்தார்.