மாட்டுங்கா: இரண்டு ‘ஓ’வின் கதை

மும்பையின் மாட்டுங்கா என்ற பெயரை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் தேடுபவர், ‘டி’க்குப் பின் இரண்டு ‘ஓ’ நிற்பதைக் காணலாம். இன்று அங்கே ஒற்றை ‘யு’. பழையது எழுத்துப்பிழை அன்று. ‘மூன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஊ’ ஒலிக்கு இரட்டை ‘ஓ’தான் வருகிறது; காதில் விழுந்த ஒலியை ஆங்கிலேயர் தம் மொழி மரபுப்படி எழுதினார்கள். 1870-களில் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி ஹண்டர் வகுத்த ஒலிபெயர்ப்பு முறை வந்தபின் ‘ஓ’க்கள் விலகி ‘யு’ வந்தது. மராத்தியில் அந்த உகரம் குறில் என்பதால் புதியதே பொருத்தம்.

அப்படியானால் பழையது வெள்ளைக்காரரின் அறியாமைதானே என்று கேட்கலாம். நம் எழுத்தையே பார்ப்போம். மராத்தியில் ஒற்றை ‘ட’. நாமோ ‘ட்டு’ என்று இரட்டிக்கிறோம். ஒற்றையாக எழுதினால் ‘பாடு’ என்பதில் உள்ளதுபோல டகரம் மெலிந்துவிடும். வல்லொலியைக் காக்கவே புள்ளி வைத்த ‘ட்’ முன்னே நிற்கிறது. அது அறியாமை என்றால் இதுவும் அறியாமை. இரண்டும் அயல்மொழிப் பெயரைத் தன் எழுத்தில் காப்பாற்றும் முயற்சிகள்.

எல்லா வடிவமும் சரியென்றால் ஒழுங்கு குலையாதா? ரயில் நிலையப் பலகைக்கு ஒரே வடிவம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பழைய வடிவத்தை அறியாதவருக்குப் பழைய ஆவணம் திறக்காது. வழக்கொழிந்த எழுத்துக்கூட்டல் அந்தக் காலத்துக் காதின் சாட்சி. அதைப் பிழையென்று தள்ளாமல் அகராதியில் பதிந்து வைப்பதே அறிவு.