நாற்பது பரிசோதனைகள்



உயர்தரப் பாடசாலை மாணாக்கருக்குப் பௌதிகத்தை எவ்வாறு அறிமுகஞ் செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு ஒருவர் கண்ட விடையையும், அவ்விடைக்குப் பின்னர் நேர்ந்த கதியையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன். அவர் அமெரிக்கராகிய எட்வின் ஹோல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாடசாலைகளில் இப்பாடம் இயற்கைத் தத்துவம் என்னும் பெயரால் வழங்கிற்று. பெரும்பாலும் மாணாக்கர் பாடநூலை மனனஞ் செய்தனர். ஆசிரியர் வினவ, பத்தி பத்தியாக ஒப்புவித்தனர். வசதியுள்ள இடங்களில் ஆசிரியர் சில கருவிகளை இயக்கிக் காட்டுவார். மாணாக்கன் கை அவற்றைத் தீண்டுவது அரிது.

ஹோல் 1855 ஆம் ஆண்டு மேன் மாநிலத்திற் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்தபின் ஈராண்டு பாடசாலைத் தலைமையாசிரியராகப் பணியாற்றி, 1877 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே, பேரறிஞர் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் 1873 இல் வெளியிட்ட மின்னியற் பெருநூலைப் படித்து வருகையில் ஓரிடத்தில் அவர் மனம் நின்றுவிட்டது. மின்னோட்டஞ் செல்லும் கம்பியைக் காந்தம் தள்ளும்போது, அவ்விசை கம்பியின்மீதே தாக்குகின்றது, அதனுள் ஓடும் மின்னோட்டத்தின்மீது அன்று என்பது அந்நூலின் கூற்று. இஃது இயல்புக்கு மாறாகத் தோன்றவே, அவர் தம் ஆசிரியர் ஹென்றி றோலண்டிடஞ் சென்று வினவினார். றோலண்டுக்கும் அதே ஐயம் முன்னரே இருந்தது.

முதலிற் செய்த பரிசோதனை பயன்தரவில்லை. பின்னர், கண்ணாடித் தட்டில் ஒட்டிய மெல்லிய தங்க இதழொன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனை வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்தார். 1879 ஒக்டோபரிற் கல்வனோமானி அசைவு காட்டிற்று. மின்னோட்டத்தின் போக்கிற்குக் குறுக்கே சிறியதோர் அழுத்த வேறுபாடு தோன்றியிருந்தது. காந்தம் மின்னோட்டத்தையே ஒருபுறம் ஒதுக்குகின்றது என்பது பெறப்பட்டது. ஹோல் விளைவு என இன்று மாணவர் கற்பது இதுவே. மோட்டார் வாகனங்களிலுள்ள உணரிகள் பல இதனைக் கொண்டே இயங்குகின்றன. பெருநூலொன்றின் கூற்றை ஐயுற்று, தன் கையாற் சோதித்தறிந்த அம்மாணவர் அப்போது 24 வயது நிரம்பாத இளைஞர்.

1881 இல் ஹோல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அதன் தலைவர் சார்ள்ஸ் எலியட் இரசாயனம் கற்பித்தவர். ஆய்வுகூடக் கல்வியில் நம்பிக்கை மிக்கவர். பல்கலைக்கழகம் புகவிரும்பும் மாணாக்கர் பாடசாலையிலேயே செய்து முடிக்கத்தக்க பரிசோதனைகளை வகுக்கும் பணி ஹோலிடம் வந்தது. 1886 ஐ அடுத்து வெளிவந்த அப்பட்டியலில் நாற்பது பரிசோதனைகள் இருந்தன. மரக்கட்டையின் அடர்த்தியை அளத்தல், உராய்வை அளத்தல், கண்ணாடியின் முறிவுச் சுட்டியையும் வில்லையின் குவியத்தூரத்தையும் காணல் போன்றவை அவை. கருவிகள் எளியவை. மாணாக்கன் தான் அளந்தவற்றைக் குறிப்பேட்டிற் பதிந்து, ஆசிரியரின் சான்றுடன் சமர்ப்பித்தல் வேண்டும். செய்கைமுறைப் பரீட்சைக்குந் தோற்றுதல் வேண்டும்.

பட்டியல் நாடெங்கும் பரவிற்று. கருவி விற்போர் அதற்கெனவே தொகுதிகள் செய்து விற்றனர். ஆயின், பரவப் பரவ அதன் உயிர் குன்றிற்று. வரவேண்டிய விடை முன்னரே தெரிந்திருந்தமையால், அவ்விடையை எவ்வாறேனும் எய்துவதே மாணாக்கர் நோக்கமாயிற்று. அளவைகள் மிகுந்து கருத்துக் குறைந்துவிட்டதென 1906 அளவில் ஆசிரியர் சிலரே முறையிட்டுச் சீர்திருத்த இயக்கமொன்றைத் தொடங்கினர். 1890 இல் அந்நாட்டு உயர்தரப் பாடசாலை மாணாக்கருள் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேர் பௌதிகம் பயின்றனர். 1949 இல் அத்தொகை நூற்றுக்கு 5 அளவாகச் சுருங்கிற்று. பாடசாலை புகுவோர் பன்மடங்கு பெருகியதும், புதிய பாடங்கள் சேர்ந்ததும் இதற்குக் காரணங்களாம். எனினும், புதிதாய் வந்தோரைப் பௌதிகம் தன்பால் ஈர்க்கவில்லை என்பதும் மறுக்கற்பாலதன்று.

1956 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகப் பேராசிரியர் ஜெரோல்ட் சக்கரையாஸ் என்பார் தலைமையிற் குழுவொன்று இப்பாடத்தை அடியிலிருந்தே திருத்த முற்பட்டது. மறு ஆண்டு சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானேறவே, அம்முயற்சிக்கு ஊக்கம் பெருகிற்று. 1960 இல் அவர்தம் பாடநூல் வெளியாயிற்று. அம்முறையிற் கற்ற மாணாக்கன் ஆழமற்ற நீர்த்தொட்டியில் அலைகளை எழுப்பி, அவை தெறிப்பதையும் முறிவதையுந் தானே கண்டு, ஒளியும் இத்தகையதோ என வினவினான். வினா முன்னே வந்தது. அளவை அதனைத் தொடர்ந்தது. 1879 இல் ஹோல் சென்ற வழியும் அதுவேயன்றோ?

ஆகவே, பெற்றோர்க்கும் இளம் ஆசிரியர்க்கும் ஒன்று கூறுவேன். விலையுயர்ந்த கருவிகள் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒரே நீளமுள்ள இரு கயிறுகளில் சிறு கல்லொன்றையும் பெருங் கல்லொன்றையுந் தொங்கவிடுங்கள். எது விரைந்து ஆடுமெனப் பிள்ளையிடங் கேட்டு, அவன் கருத்தை முதலில் எழுதச் செய்யுங்கள். பின்னர், இரண்டையுஞ் சிறிதே விலக்கி ஆடவிட்டு, இருபது ஆட்டங்களுக்கு எத்தனை செக்கன் ஆகின்றதென அவனே கடிகாரம் பார்த்து எண்ணட்டும். எழுதியதும் எண்ணியதும் மாறுபடின் அவன் சும்மாயிரான். கயிற்றை மாற்றுவான், கல்லை மாற்றுவான், மீண்டும் எண்ணுவான். பாடநூலை அதன்பின் அவன் கையிற் கொடுங்கள்.