புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம்

புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம் கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தது. புதுச்சேரியும், காரைக்காலும், தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களும் இதன் எல்லைக்குள் வருகின்றன. தலைமைக் கோயில் மிஷன் வீதியிலுள்ள அமலோற்பவ அன்னை பேராலயம். ஊரார் அதைச் சம்பா கோவில் என்பார்கள்.

சயாமில் (இன்றைய தாய்லாந்து) 1688இல் நடந்த புரட்சிக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சு இயேசு சபையினர் புதுச்சேரியில் குடியேறினர். அவர்களுக்கு முன்பே கப்புச்சின் துறவிகள் இங்கே இருந்தார்கள். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும், 1776இல் பாரிஸ் அந்நிய மறைபரப்புச் சபை பொறுப்பேற்றது. 1836இல் சோழமண்டலக் கரைக்கான திருத்தூதரக ஆட்சிப் பகுதி உருவானது. 1886இல் அது உயர்மறைமாவட்டமாக உயர்ந்து, லவுவெனான் முதல் பேராயரானார். கும்பகோணமும் (1899) சேலமும் (1930) பிரிந்துபோக, 1953இல் இன்றைய பெயர் வந்தது. முதல் தமிழ்ப் பேராயர் அம்புரோஸ் இராயப்பன், 1955இல் பதவியேற்றார்.

சமூகப் பணியில் பெரிய திருப்பம் 1844. ஆயர் பொன்னான் கூட்டிய மாமன்றம் (சினட்) கல்வியையும் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதையும் முதன்மைப் பணிகளாக்கியது. பெத்தி செமினேர் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், சிறுமிகளுக்குக் கற்பிக்கவே தமிழ்ப் பெண்களைக் கொண்டு தூய இருதய மரியன்னை துறவற சபையை நிறுவினார் துய்ப்புயி அடிகள். மிஷன் அச்சகத்தை வளர்த்தவரும் அவரே. அங்குதான் வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அச்சேறியது. முசே அடிகளோடு சேர்ந்து அவர் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதியை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மறைமாவட்டத்தின் கொடைகளில் கட்டடங்களைவிட இந்த இரண்டு நூல்களையும் மேலாகச் சொல்லலாம்.

2004 ஆழிப்பேரலை கடலூர், காரைக்கால் கடற்கரைகளைச் சிதைத்தபோது, மறைமாவட்டத்தின் பல்நோக்கு சமூக சேவைச் சங்கம் மீனவர் குப்பங்களில் நிவாரணப் பணியில் இறங்கியது.

தீராத கணக்கும் உண்டு. 1748இல், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில், சம்பா கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை, டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதியிருக்கிறார். அதே நாட்குறிப்பு 1745இல் நடந்த இன்னொன்றையும் சொல்கிறது. சம்பா கோவிலுக்குள் வடபக்கம் ஒரு சுவர் நின்றது. ஒரு பக்கம் ஒடுக்கப்பட்ட சாதியார், மறுபக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த குருவிடம் ஒடுக்கப்பட்டோர் முறையிட, சுவரை இடிக்க உத்தரவாயிற்று. மேல்சாதிக் கிறித்தவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில் கத்தோலிக்கர்களிடையே கல்லறை, இறுதி ஊர்வலப் பாதை பற்றி எழுந்த அதே சாதிச் சண்டை 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். பள்ளிக்கூடங்களால் செய்ய முடிந்ததை இந்த மறைமாவட்டத்தின் பங்குக் கோயில்களால் முழுதாகச் செய்ய முடியவில்லை.

வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலமும், 2011இல் பசிலிக்காவாக உயர்ந்த திரு இருதய ஆண்டவர் ஆலயமும் இந்த எல்லைக்குள் உள்ள புகழ்பெற்ற கோயில்கள். இதன் மறைமாகாணத்தில் கும்பகோணம், சேலம், தஞ்சாவூர், தருமபுரி மறைமாவட்டங்கள் அடங்குகின்றன. பிரான்சிஸ் கலிஸ்ட் 2022இல் பேராயராகப் பொறுப்பேற்றார்.