கசத்தின் பிள்ளை

வளைகுடா நாடுகள் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. ஆகவே இங்கே சட்டத்தின் கண்ணில் அகதி என்று எவரும் இல்லை. வேலை விசாவில் வந்தவர்கள்தான் உண்டு. அந்த விசாவுக்கு முன்னால் நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். படத்தில் கசத்தின் அடையாளம் விழுந்தால், கடன்பட்டு ஏஜென்சிக்குக் கட்டிய காசோடு பயணமும் போய்விடலாம். என்னைப் போல உணவகக் குசினிகளில் நிற்பவர்கள் புற்றுநோயைவிடக் கசத்துக்கே கூடப் பயப்படுவது இதனால்தான். ஆனால் புற்றுநோய்க்கு மருந்தாக நின்று நிலைத்த பற்றீரியா, அந்தக் கசக் கிருமியின் நெருங்கிய உறவு.

கதை நியூயோர்க்கில் தொடங்குகிறது. வில்லியம் கோலி என்ற இளம் சத்திரசிகிச்சை நிபுணர் 1891இல் தன் நோயாளியான ஓர் இளம்பெண்ணை எலும்புப் புற்றுக்குப் பறிகொடுத்தார். மனம் ஆறாமல் பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்துக் கட்டியை வெட்ட வெட்ட வளர்ந்து கைவிடப்பட்ட ஸ்ரைன் என்ற ஜெர்மன் குடியேறிக்கு, எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து காய்ச்சல் கொதித்தபின் கட்டி மறைந்ததாக ஒரு குறிப்பு இருந்தது. ஏழை வந்தேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ் மன்ஹற்றன் குடியிருப்புகளில் அலைந்து, ஏழு வருடங்களின் பின் அந்த மனிதரைச் சுகதேகியாகக் கண்டுபிடித்தார் கோலி. அவர் முதன்முதல் கிருமியை ஏற்றியதும் ஒரு வந்தேறிக்கே: ஸோலா என்ற இத்தாலியர். அந்தத் தொற்று ஸோலாவைச் சாவின் வாசல்வரை இழுத்துச் சென்றது, கட்டியும் கரைந்தது, பிறகு எட்டு வருடம் வாழ்ந்தார். வேறு சிலரை அதே கிருமி கொன்றது. ஆதலால் 1893 முதல் சூடாக்கிக் கொன்ற கிருமிகளையே கோலி பாவித்தார். சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை. ஏனென்று விளக்க அவரால் முடியவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை வந்ததும் அவர் வழி ஒதுங்கிப்போனது. 1936இல் இறந்தார்.

இதற்கிடையில் பிரான்ஸின் லீல் நகரில் கல்மெத், கெரான் என்ற இருவர் 1908 முதல் 13 வருடங்கள், மாட்டுக் கசக் கிருமியைப் பித்தம் கலந்த உருளைக்கிழங்கில் 230 தடவைகள் மாற்றி மாற்றி வளர்த்து அதன் நஞ்சை அடக்கினார்கள். எங்கள் தோளில் தழும்பாக இருக்கும் பிசிஜி அதுதான். 1948இல் சென்னை கிண்டியில் அதற்கென்று ஆய்வுகூடம் எழுந்தது. 1955இல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்துப் பிரசுரமே வெளியிட்டார். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் அதைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். வளர்ந்தவர்களின் நுரையீரல் கசத்தை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளின் மூளைக்கு ஏறும் கசத்துக்கு அது இன்றும் காவல்.

செங்கல்பட்டுக் கணக்கு முடியுமுன்னரே, 1976இல், கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலெஸ் என்ற வைத்தியர் வெறும் 9 நோயாளரின் கதையை வெளியிட்டார். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலோட்டமாகப் படர்ந்த புற்றுக்கு, உயிருள்ள பிசிஜியைக் குழாய்மூலம் வாரம் ஒருமுறை, ஆறு வாரம் செலுத்தியிருந்தார். புற்று மீண்டும் முளைப்பது குறைந்தது. 1990இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இங்கே கொல்வது பற்றீரியா மட்டுமல்ல. அது சுவரில் ஒட்டிக்கொண்டதும் உடம்பின் காவற்கலங்கள் திரண்டு வருகின்றன. வந்த இடத்தில் புற்றையும் அடையாளம் காண்கின்றன. கோலி தேடிய விளக்கமும் பெரும்பாலும் இதுதான். தசைக்குள் இறங்கிவிட்ட புற்றுக்கு இது போதாது. தோளில் இருக்கும் தழும்பும் இதற்கு உதவாது.

பெரிய இலாபம் தராத பழைய மருந்து என்பதால் இதைச் செய்பவர்கள் சிலரே. ரொறொன்ரோவில் இதைத் தயாரித்த தொழிற்சாலை 2012இல் தடுமாறி, 2017இல் உற்பத்தியையே கைவிட்டது. பல நாடுகளில் நோயாளர் காத்திருக்க நேர்ந்தது. புனேயில் இன்னும் தயாராகிறது.

இந்தப் புற்றுக்கு முதற் காரணம் புகைத்தல். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தெழும்பும் இடங்களில் சிகரெட் எவ்வளவு மலிவான துணை என்பது வாசகருக்குத் தெரியும். முதல் அறிகுறி, பெரும்பாலும் வலியில்லாமல் சிறுநீரில் வரும் இரத்தம். வெக்கையால் வந்தது என்று இளநீரைக் குடித்துவிட்டு, விசா புதுப்பிக்கும்வரை வாய்மூடி இருப்பவர்கள் எங்களில் உண்டு. உட்சுவரில் இருக்கும்போதே போனால்தான் இந்த மருந்துக்கு வேலை.