உள்ளங்கையில் ஒரு கறுப்புப் படை

நோவும் இல்லை, பெரும்பாலும் தினவும் இல்லை. உள்ளங்கையில் மை சிந்தியதுபோல் ஒரு படலம் தோன்றி, நாளடைவில் விரிந்துகொண்டே போகிறது. ஏதோ கறை என்றெண்ணிச் சோப்பிட்டுத் தேய்க்கிறோம், போவதில்லை. அப்பொழுதுதான் அச்சம் பிறக்கிறது. தோலின் நிற உயிரணுக்களில் எழும் கொடிய புற்றுநோயும் ஏறத்தாழ இவ்வுருவிலேயே தலைகாட்டும். அப்புற்றெனப் பிழையாகக் கொண்டு, தோலை வீணே அறுத்தெடுத்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன.

உண்மையில் இது தோலின் மேலடுக்கைத் தாண்டாத ஒரு பூஞ்சக்காளானின் வேலையே. அரிதாகக் காணப்படுவதால் மருத்துவர் நினைவுக்கும் எளிதில் வருவதில்லை.

தோல் நோய்க்குக் காளானும் காரணமாகலாம் என்பதே 19ஆம் நூற்றாண்டில் கிட்டிய அறிவு. 1839இல் சூரிச் நகரில் ஷோன்லைன், தலையில் பொருக்குக் கட்டும் ஒருவகைப் படையில் காளான் இழைகளைக் கண்டார். 1841இல் பாரிஸில் குரூபி, தாமாகவே ஆராய்ந்து அதனையே கண்டறிந்தார். கறுப்புப் படையோ 1891இல்தான் பிரேசிலின் பாகியாவில் செர்க்கேரா என்ற மருத்துவரின் கண்ணுக்குப் புலப்பட்டது. அவர் கண்டதை அவர் மகன் 1916இல் வெளியிட்டார். 1921இல் பரேராஸ் ஹோர்ட்டா, காளானை வளர்த்துப் பிரித்து, வெர்னெக் என்பார் நினைவாகப் பெயரிட்டார். 1984இல் அதன் பேரினத்துக்கு ஹோர்ட்டாவின் பெயரே சூட்டப்பட்டு, ‘ஹோர்ட்டேயா வெர்னெக்கியை’ என்றாயிற்று. முதலில் கண்டவர் பெயர் மட்டும் அதில் இடம்பெறவில்லை. நமக்கு இது சற்று நெருடத்தான் செய்கிறது.

சோதனைக்கு வேண்டுவன மிகச் சில. மழுங்கிய கத்தியால் படையின் செதிலைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் இட்டு, 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விடுவர். அக்காரம் தோற்செதில்களை நெகிழ்த்தித் தெளிவாக்கும். காளானின் சுவர் அதற்கு எளிதில் இளகாது. சற்றுப் பொறுத்து நுண்பெருக்கியில் நோக்கினால், குறுக்குச் சுவர்களும் கிளைகளும் கொண்ட பழுப்பு இழைகள் தெரியும். இடையிடையே இரண்டிரண்டாய் ஒட்டிய உயிரணுக்களும் காணலாம். சாயம் ஏற்றத் தேவையில்லை, நிறம் அதனுடையதே. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் இனத்துப் பொருளையே இக்காளானும் தன் சுவரில் தேக்கிவைக்கிறது. வெறுங்கண் ஏமாறியதில் வியப்பென்ன?

உப்பளங்களின் செறிந்த உப்புநீரிலும் உயிர்வாழ வல்லது இது. ஆயினும் உள்ளங்கையில் அதனை ஒழிப்பது கடினமன்று. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த பழைய களிம்பே பெரும்பாலும் போதும். சில வாரங்களில் கறுப்பு உதிர்ந்துவிடும்.