ஜாடிக்குள் சாப்பாடு: காசு யாருக்குப் போனது?

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று கண்ணாடி ஜாடிகளை எடுத்து வைக்க வேண்டியது. அடியில் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும், அதன் மேல் கொண்டைக்கடலை, வெள்ளரிக்காய், உச்சியில் கீரை இலை. மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு மதியச் சாப்பாடு தயார். ஈரமானது கீழேயே தங்கிவிடுவதால் இலை வதங்காது. 2010-களில் அமெரிக்காவில் பெரிய மோகமாகப் பரவிய பழக்கம் இது.

அந்தத் திருகு மூடி ஜாடிக்கு மேசன் ஜாடி என்று பெயர். யார் இந்த மேசன்? அவருக்கு இதில் எவ்வளவு கிடைத்தது? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கக்கூடிய கணக்கு இது. ஆனால் அவருக்கு முன்னால் பாரிஸில் ஒரு மிட்டாய்க்காரர் இருக்கிறார். அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நிக்கோலா அப்பேர் பிறந்தது 1749-ல். அதுவரை உணவைக் கெடாமல் வைக்க உப்பு, சர்க்கரை, காடி, புகை, வெயில் இவைதான் வழி. எல்லாமே உணவின் ருசியை மாற்றிவிடும். அப்பேர் வேறு மாதிரி யோசித்தார். சமைத்த உணவைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, கார்க்கால் இறுக்கி அடைத்து, கம்பி கட்டி, குப்பியோடு கொதிநீரில் வைத்தார். முதலில் ஷாம்பெயின் குப்பிகள்தான். அவற்றின் கழுத்து ஒடுக்கம், இறைச்சித் துண்டு நுழையாது. ஆகவே வாய் அகன்ற குப்பிகளைத் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கினார். கார்க்கின் இடுக்கை அடைக்கச் சுண்ணாம்பையும் பாலாடைக்கட்டியையும் குழைத்துப் பூசினார் (பசைக்குக்கூடச் சமையலறையைத்தான் நம்பினார் மனிதர்!). ஏன் உணவு கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கிருமிகள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிரூபித்தது 1860-களில்.

பிரெஞ்சுக் கடற்படை அவருடைய குப்பிகளைச் சோதித்துப் பார்த்தது. 1810-ல் பரிசு கிடைத்தது, 12,000 பிராங்க். நெப்போலியனே கூப்பிட்டுக் கொடுத்ததுபோல் கதை சொல்வார்கள், கொடுத்தது உள்துறை அமைச்சகம். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: செய்முறையை அவர் புத்தகமாக வெளியிட வேண்டும், ஊரே படிக்கும்படி. அதாவது ரொக்கமா, காப்புரிமையா? அப்பேர் ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். புத்தகம் அதே 1810-ல் வெளிவந்தது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்ற வியாபாரி, இதே முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட்டார். கண்ணாடியோடு தகர டப்பாவையும் சேர்த்துக்கொண்டார். பிறகு அதை 1,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கிய பிரையன் டாங்கின் குழுவினர் 1813-ல் டப்பா உணவு ஆலையே நடத்தினார்கள். அப்பேர் 1841-ல் ஏழையாக இறந்து பொதுக் கல்லறையில் புதைக்கப்பட்டார்.

ஆனால் அவரை ஏமாளி என்று சொல்வது நியாயமில்லை. வீட்டிலேயே பழத்தையும் காயையும் ஜாடியில் அடைத்து வைக்கும் வழக்கம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யும்படி அவர் எழுதி வைத்ததும் ஒரு காரணம்.

இனி மேசன். ஜான் லாண்டிஸ் மேசன் நியூயார்க்கில் இருந்த தகரக் கொல்லர். அப்போதெல்லாம் ஜாடியின் வாயில் தகர மூடியை வைத்து, ஓரத்தில் அரக்கை உருக்கி ஊற்றி மூடுவார்கள். சிரமமான வேலை, நம்பகமும் இல்லை. கண்ணாடிக் கழுத்திலேயே திருகு மரை வைத்து, துத்தநாக மூடியைத் திருகும்படி செய்தார் மேசன். 1858 நவம்பர் 30-ல் காப்புரிமை கிடைத்தது. வயது 26.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவர் கோடீஸ்வரர் :) ஆனால் ஜாடியின் மேம்பட்ட வடிவத்தை 1859-லேயே செய்து சில ஜாடிகளை விற்றவர், அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1868-ல்தான்! அதற்குள் ஆளாளுக்கு அதே மாதிரி ஜாடி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1870-ல் காப்புரிமை கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே பொருளை விற்றுவிட்டால் உரிமை போய்விடும் என்பது அன்றைய சட்டம். விற்றது இரண்டு டஜன் ஜாடியா, இரண்டாயிரமா என்பது பொருட்டே இல்லை. 1876-ல் அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பு. கண்டுபிடித்தவரே தாமதித்ததால் போன சொத்து அது. மேசன் 1902-ல் வறுமையில் இறந்தார். மற்ற கம்பெனிகளோ தங்கள் ஜாடிகளில் அவர் பெயரையும் 1858 நவம்பர் 30 என்ற தேதியையும் பல ஆண்டுகள் பொறித்து விற்றுக்கொண்டிருந்தன.

அப்படி விற்றவர்களில் முக்கியமானவர்கள் பால் சகோதரர்கள். தந்தையின் சகோதரரிடம் 200 டாலர் கடன் வாங்கி 1880-ல் பஃபலோ நகரில் தொழில் தொடங்கினார்கள். முதலில் மண்ணெண்ணெய் டப்பாக்கள், 1884-லிருந்து கண்ணாடி ஜாடிகள். 1886-ல் ஆலை தீப்பிடித்தது. இண்டியானா மாநிலத்தின் மன்சி ஊரில் அப்போது பூமியிலிருந்து எரிவாயு கொட்டிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை வந்தால் நிலமும் இலவச எரிவாயுவும் தருகிறோம் என்று ஊரே கூப்பிட்டது. கண்ணாடி உருக்குவதில் பெரிய செலவே எரிபொருள்தான். கிளம்பிவிட்டார்கள். திருகு மூடி ஜாடியைத் தாங்கள் கண்டுபிடிக்காமலே அமெரிக்காவின் பெரிய ஜாடிக் கம்பெனி ஆனார்கள். அசல் கண்டுபிடிப்பு அவர்களுக்கு வந்தபோது அதன்மேல் யாருக்கும் உரிமை இல்லை, விலையும் இல்லை. மலிவாக, ஏராளமாகச் செய்வது மட்டும்தான் பாக்கி இருந்தது.

ஒரு எச்சரிக்கை: மூடி இறுக்கமாக இருப்பதால் மட்டும் உணவு கெடாமல் இருப்பதில்லை. அப்பேர் ஜாடியைக் காப்பாற்றியது சூடு, இன்றைய மதிய ஜாடியைக் காப்பாற்றுவது ஃப்ரிட்ஜின் குளிர். புளிப்பில்லாத காய், இறைச்சியை வெளியில் வைப்பதற்குக் கொதிநீர்கூடப் போதாது. பொட்டுலினம் கிருமியின் வித்துகள் 100 டிகிரியிலும் பிழைத்துவிடும். அதனால்தான் 1917-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை, இவற்றுக்கு அழுத்தக் கலத்தைப் பரிந்துரைத்தது.

பால் கம்பெனி 1993-ல் ஜாடித் தொழிலைத் தனியாகப் பிரித்துவிட்டு, அலுமினிய டப்பா பக்கம் போய்விட்டது. கடையில் பால் என்ற பெயரோடு விற்கும் ஜாடியைச் செய்வது இப்போது வேறொரு நிறுவனம். மன்சியில் அந்தச் சகோதரர்கள் வாங்கி மாநிலத்துக்குக் கொடுத்த கல்லூரி இன்றைக்குப் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம். பிசினஸ் படிப்பும் அங்கே உண்டு.