ஜிலேபி மீன் வைகைக்கு வந்த கதை

வைகை அணைப் பக்கம் மீன் வாங்கப் போனால் காதில் விழும் பெயர்கள் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. அணை மீன் என்றாலே தேனிக்காரர்களுக்கு இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நாலில் ஒன்றுகூட வைகையின் சொந்த மீன் இல்லை! முதல் மூன்றும் கங்கை, கோதாவரிப் பக்கத்து மீன்கள். ஜிலேபியோ ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. மொசாம்பிக் திலேப்பியா என்பது அதன் உலகப் பெயர். நம்மூர் நாக்கில் திலேப்பியா ஜிலேபியாகிவிட்டது.

உயிருள்ள மீனை நெடுந்தூரம் கொண்டுபோவது எப்படி என்பது வெகுகாலம் தீராத சிக்கலாகவே இருந்தது. விதையைப் பொட்டலம் கட்டி அனுப்பலாம். செடிக்குக்கூட ஒரு வழி கிடைத்தது. 1829ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு பெரணிச் செடி தானாக வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த 'வார்டு பெட்டி'யில்தான் 1860களில் சின்கோனா நாற்றுகள் தென்னமெரிக்காவிலிருந்து ஊட்டிவரை வந்தன. மீன் அப்படி அல்ல. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். போதாக்குறைக்கு மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் விஷமாக்கும்.

வெள்ளைக்காரர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். தூண்டில் போட நீலகிரியில் ட்ரௌட் மீன் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே 1863ல் முதல் முயற்சியில் இறங்கினார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது, மலைக்கு ரயிலும் கிடையாது. குளிர்ந்த ஓடையின் மீன்முட்டை செங்கடல் வெயிலையும் சென்னை வெயிலையும் தாண்ட வேண்டும். தோற்றதில் வியப்பில்லை. இதற்கு மறுவருஷமே, 1864ல், 'நார்ஃபோக்' என்ற கப்பலில் பாசிக்குள் முட்டைகளைப் பொதிந்து பனிக்கட்டி அறையில் வைத்து இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவரை உயிரோடு சேர்த்துவிட்டார்கள். நீலகிரியில் எச்.சி. வில்சன் வெற்றி பெற்றது 1907 வாக்கில்தான். அவலாஞ்சியில் அப்போது தொடங்கிய பொரிப்பகம் இன்றும் ஊட்டி போகிறவர்கள் பார்க்கிற இடம்.

வெள்ளைக்காரர் விளையாட்டுக்குப் பனிக்கட்டி கிடைத்தது. உள்ளூர்க் குளத்துக்கு மீன் கொண்டுபோனவர்களிடம் இருந்தது மண் குடம். வங்காளத்தில் மழைக்காலத்து ஆற்றில் மீன்குஞ்சுகளை வலையில் வடித்து, வாயகன்ற மண்பானைகளில் நிரப்பி, ரயிலில் ஏற்றுவார்கள். கூடவே ஆளும் போவார். அவருடைய வேலை வழிநெடுகப் பானையைக் குலுக்கிக்கொண்டே இருப்பது! குலுக்கினால் காற்று தண்ணீரில் கலக்கும். ஆள் தூங்கிவிட்டால் சரக்கு போச்சு. கொஞ்சம் செம்மண்ணும் பானையில் போடுவார்கள். கலங்கலில் இருக்கும் அழுக்கை அது அடியில் படிய வைக்கும். இடைப்பட்ட நிலையங்களில் தண்ணீர் மாற்றுவதும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஏறாத இந்த ஆட்கள்தான் இந்திய மீன்வளர்ப்பின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் எனலாம். கோதாவரியின் கட்லா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தெற்கே காவிரிக்கு வந்துசேர்ந்தது. பிற்பாடு பாலித்தீன் பை வந்தது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடம் முழுக்க ஆக்சிஜன், வாயை இறுக்கிக் கட்டி ஒரு தகர டின்னுக்குள் வைத்துவிட்டால் குலுக்க ஆள் வேண்டாம். புறப்படுமுன் குஞ்சுகளைப் பட்டினி போட வேண்டும் என்பதும் அனுபவத்தில் வந்த பாடமே. வயிறு காலியாக இருந்தால் தண்ணீர் கெடாது.

இனி ஜிலேபி. 1930களின் கடைசியில் இந்த ஆப்பிரிக்க மீன் திடீரென்று ஜாவாத் தீவின் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. யார் கொண்டுவந்தது என்பது தெரியாது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்க யாரோ கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்பது பரவலான ஊகம். அங்கிருந்து மலாயா, தாய்லாந்து, இலங்கை என்று பரவியது. 1952ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்கு ஒரு தொகுதி வந்தது. அதே ஆண்டில் சென்னை அரசின் மீன்வளத் துறை இலங்கையிலிருந்து ஒரு தொகுதியைக் கொண்டுவந்தது. ட்ரௌட்டுக்குத் தேவைப்பட்ட உபசாரம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. சூடு தாங்கும், உப்பு தாங்கும், ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். முட்டைகளைத் தாய் தன் வாய்க்குள் வைத்தே பொரிக்கும் என்பதால், சில மீன்கள் போய்ச் சேர்ந்தாலே ஒரு குளம் நிறைந்துவிடும்.

பஞ்சம் பார்த்த நாட்டுக்கு இது வரமாகத் தெரிந்ததில் தப்பில்லை. ஆனால் சீக்கிரமே அதிகாரிகள் கவலைப்பட ஆரம்பித்தார்கள். அளவு கடந்து பெருகியதால் மீன்கள் சிறுத்தே நின்றன, மற்ற மீன்களின் இரையும் இடமும் பறிபோயின. 1959ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பத் தடை விதித்தது. வைகை அணை திறக்கப்பட்டதும் அதே 1959ல், ஜனவரி 21ஆம் தேதி. தடை தாளில் இருக்க, 1960களின் முடிவுக்குள் தமிழ்நாட்டின் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் ஜிலேபி குடியேறிவிட்டது. கொண்டுவருவதற்கு இரண்டு வழிகள் போதுமாயிருந்தன. திருப்பி அனுப்ப ஒரு வழியும் இல்லை.

வைகைக்கு வரும் தண்ணீரின் கதையும் இதோடு சேர்ந்ததே. 1895ல் பென்னிகுயிக் கட்டிய அணையால் மேற்கே போன பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திரும்பியது. கூடலூர், கம்பம் வயல்களுக்கு அது உயிர். அந்தப் பெரியாற்று ஏரியில் 'லெப்பிடோபிகாப்சிஸ் டைபஸ்' என்ற ஒரு மீன் இருக்கிறது. 1941ல் சுந்தர ராஜ் முதன்முதலாக விவரித்த அது, பெரியாற்றின் மேற்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அந்த ஏரியிலும் ஜிலேபி புகுந்துவிட்டது. 1939ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த சாதாக் கெண்டையின் இனமும் அங்கே பெருகி, உள்ளூர் மீன்களின் இரைக்குப் போட்டியாகிவிட்டது.

மீன் வந்த பாதையில் மீன் போகவும் செய்தது. டே 1865ல் ஒரு சிவப்புக் கோட்டு மீனுக்கு, சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்து ஆறுகளில் வாழும் அந்த மீன், 'மிஸ் கேரளா' என்ற பெயரில் 1997ல் சிங்கப்பூர் அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதன் பிறகு ஆக்சிஜன் பைகளில் விமானமேறியவை ஏராளம். ஆறுகளில் எண்ணிக்கை சரிந்து, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக இடம்பெற்றது. கொச்சியை அடுத்த பனங்காடு மீன்வளக் கல்லூரியில் தொட்டியிலேயே அதை இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறார்கள். பெரியாற்று மீனுக்கோ சந்தையில் அப்படி ஒரு விலை கிடையாது, பரிசும் கிடையாது.